தண்டர்பேர்டில் குழுப் பட்டியல் தகராறு செய்கிறதா? அறிகுறியைப் பார்த்துப் பிழையைப் பிடியுங்கள்

எங்கள் கல்லூரியின் பழைய மாணவர் சங்கத்துக்கு ஏழு வருடமாக நான்தான் அஞ்சல் அனுப்புகிறேன். மொத்தம் 137 பேர். ஆண்டுக் கூட்டம், உதவித்தொகை விண்ணப்பம், யாராவது தவறிவிட்டால் அந்தச் செய்தி, எல்லாமே தண்டர்பேர்ட் என்ற மின்னஞ்சல் நிரலின் முகவரிப் புத்தகத்தில் நான் போட்டு வைத்திருக்கும் மூன்று பட்டியல்கள் வழியாகத்தான் போகிறது. மற்ற ஊர்க் கிளைகளில் இதே வேலையைச் செய்கிறவர்கள் வாரத்துக்கு ஒரு தடவையாவது கூப்பிட்டு ஏதாவது கேட்பார்கள், கேள்விகள் பெரும்பாலும் ஒன்றேதான். அதனால் எல்லாவற்றையும் ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன். உங்களுக்கு என்ன தெரிகிறதோ அந்தத் தலைப்புக்கு நேராகப் போய்விடுங்கள், ஆனால் அதற்கு முன்னால் அடுத்த பத்தியை மட்டும் படித்துவிடுங்கள்.

பட்டியலுக்குள் முகவரிகள் இருப்பதாகத்தான் எல்லோரும் நினைக்கிறோம். அப்படி இல்லை. முகவரி இருப்பது ஒவ்வொருவருக்கும் உள்ள தொடர்பு அட்டையில். அட்டை இருப்பது ஏதோ ஒரு முகவரிப் புத்தகத்தில். பட்டியல் என்பது அந்த ஒரு புத்தகத்தில் உள்ள அட்டைகளைக் கோக்கிற நூல் மட்டுமே, பூவை மாற்றினால் மாலை மாறும், நூலைப் பார்த்துக்கொண்டே இருந்தால் ஒன்றும் தெரியாது. கீழே வரும் தொல்லைகளில் பாதிக்கு மேல் இதை மறந்ததால் வருவதுதான். பட்டியல் சரியில்லை என்று தோன்றினால் முதலில் அட்டையைப் பாருங்கள், அப்புறம் அது எந்தப் புத்தகத்தில் இருக்கிறது என்று பாருங்கள்.

நான் சொல்லும் பட்டன்கள் 2022-இல் வந்த 102-ஆம் பதிப்புக்கும் அதற்குப் பின் வந்தவற்றுக்கும் பொருந்தும், அந்தப் பதிப்பில்தான் முகவரிப் புத்தகத்தின் தோற்றத்தை முழுசாக மாற்றினார்கள். முகவரிப் புத்தகத்தைத் திறக்க, முதன்மைச் சாளரத்தில் கண்ட்ரோல், ஷிஃப்ட், பி மூன்றையும் சேர்த்து அழுத்தினால் போதும்.

பட்டியலுக்குப் பெயர் வைத்தால் ஏற்றுக்கொள்ள மறுக்கிறது

பெயரில் கமா, அரைப்புள்ளி, இரட்டை மேற்கோள், < > ஆகிய குறிகள் இருக்கக் கூடாது. தொடர்ந்து இரண்டு இடைவெளி விட்டாலும் ஒத்துக்கொள்ளாது. ஏற்கெனவே அதே பெயரில் ஒரு பட்டியல் இருந்தாலும் அப்படித்தான். இவ்வளவுதான் விஷயம், ஆனால் நம் ஆட்களுக்கு மட்டும் வரும் ஒரு சிக்கல் உண்டு. பழைய வேர்ட் கோப்பில் பாமினி எழுத்துருவில் அடித்து வைத்த பெயரை அப்படியே காப்பி செய்து இங்கே ஒட்டினால், தமிழாகத் தெரிந்தது ஆங்கில எழுத்துக் குவியலாக மாறும், அதில் நடு நடுவே அரைப்புள்ளி நிற்கும். பாமினியில் மெய்யெழுத்தின் புள்ளிக்கு அரைப்புள்ளி விசைதான். ‘நண்பர்கள்’ என்று ஒரே சொல்லை ஒட்டினால்கூட மூன்று அரைப்புள்ளி உள்ளே வந்துவிடும், தண்டர்பேர்ட் மறுக்கத்தான் செய்யும். யுனிகோடில் புதிதாக அடியுங்கள், முடிந்தது.

கூகுள் தொடர்புகள் எல்லாம் தெரிகிறது, ஆனால் அதற்குள் பட்டியல் போட முடியவில்லை

முடியாது, உங்கள் மேல் தப்பில்லை. கூகுளிலிருந்தோ வேறு சர்வரிலிருந்தோ கார்ட்டேவ் (CardDAV) முறையில் ஒத்திசைத்து வரும் புத்தகத்தில் தண்டர்பேர்ட் பட்டியல்களை அனுமதிப்பதில்லை. பட்டன் மங்கிப் போயிருக்கும், அல்லது புதிய பட்டியல் பெட்டியில் எந்தப் புத்தகத்தில் சேர்ப்பது என்று கேட்கும் இடத்தில் அந்தப் புத்தகத்தின் பெயரே இருக்காது.

வழி என்னவென்றால், கணினியிலேயே இருக்கும் ஒரு புத்தகத்தில் பட்டியலைப் போடுங்கள். ‘பெர்சனல் அட்ரஸ் புக்’ எல்லோருக்கும் இருக்கும், நான் சங்கத்துக்கென்று தனியாக ஒரு புதிய புத்தகமே திறந்து வைத்திருக்கிறேன், சொந்தக்காரர்களின் அட்டையும் சங்கத்து அட்டையும் கலக்காமல் இருக்க அதுதான் நல்லது. கூகுள் புத்தகத்திலிருந்து தேவையான அட்டைகளை அதற்குள் இழுத்து விடுங்கள். இழுக்கும்போது கண்ட்ரோல் விசையைக் கட்டாயம் அழுத்திப் பிடித்திருக்க வேண்டும். பிடித்தால் நகல் போகும். பிடிக்காவிட்டால் அட்டையே இடம் மாறும், அதாவது கூகுள் புத்தகத்திலிருந்து அது போய்விடும், ஒத்திசைவில் கைபேசியிலிருந்தும் மறைந்துவிடும். இதைச் செய்யும்போது அவசரம் வேண்டாம்.

சிலரை மட்டும் பட்டியலில் சேர்க்க முடியவில்லை

இரண்டு காரணம்தான். அட்டையில் மின்னஞ்சல் முகவரியே இல்லாமல் வெறும் கைபேசி எண் மட்டும் இருக்கலாம், கைபேசியிலிருந்து வந்த தொடர்புகளில் பாதி இப்படித்தான் இருக்கும். அல்லது அட்டை வேறு புத்தகத்தில் இருக்கலாம். பட்டியல் இருக்கும் புத்தகத்துக்கு முதலில் நகல் எடுத்துவிட்டு, அங்கிருந்து பட்டியலின் பெயர் மேல் இழுத்து விடுங்கள்.

டு (To) வரியில் பட்டியலின் பெயரை அடித்தால் எதுவும் வரவில்லை

செட்டிங்ஸில் கம்போசிஷன் பகுதிக்குப் போய் அட்ரஸிங் என்ற இடத்தைப் பாருங்கள். பொருந்தும் முகவரிகளை உள்ளூர் முகவரிப் புத்தகங்களில் தேடு என்பதற்கு டிக் இருக்க வேண்டும். டிக் இருந்தும் வரவில்லை என்றால், அடிப்பது பட்டியலின் பெயர்தானா என்று ஒரு தடவை எழுத்து எழுத்தாகப் பாருங்கள், ஆங்கிலத்தில் பெயர் வைத்துவிட்டுத் தமிழில் தேடுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன்.

‘இது சரியான மின்னஞ்சல் முகவரி இல்லை’ என்று சொல்லி அனுப்ப மறுக்கிறது

பிழைச் செய்தி ஆங்கிலத்தில் வரும். பட்டியலின் பெயரைச் சொல்லி, அது பயனர், @ குறி, சர்வர் என்ற வடிவத்தில் இல்லை, திருத்திவிட்டு அனுப்பு என்று சொல்லும். பார்த்தவுடன் ஏதோ ஒரு உறுப்பினரின் முகவரி தப்பு என்று நினைத்து 137 அட்டையையும் ஒவ்வொன்றாகத் திறந்து பார்க்காதீர்கள். எந்த உறுப்பினரின் முகவரியும் தப்பில்லை. தண்டர்பேர்ட் அந்தப் பெயரில் ஒரு பட்டியலைத் தேடியிருக்கிறது, கிடைக்கவில்லை, அதனால் பெயரையே முகவரியாக எடுத்துக்கொண்டு பார்த்திருக்கிறது, அதில் @ குறி இல்லை.

ஏன் கிடைக்கவில்லை? எனக்கு நடந்ததைச் சொல்கிறேன். ‘நிர்வாகக்குழு 2023’ என்று ஒரு பட்டியல் இருந்தது. டிசம்பர் கடைசியில் கூட்ட அறிவிப்பைப் பாதி எழுதி வரைவாகச் சேமித்தேன். ஜனவரி பிறந்ததும் பட்டியலின் பெயரை 2024 என்று மாற்றினேன். அடுத்த வாரம் வரைவைத் திறந்து முடித்து அனுப்பினால் போகவில்லை. வரைவில் உட்கார்ந்திருந்தது பழைய பெயர். வரைவிலும் வார்ப்புருவிலும் பட்டியலின் பெயர் மட்டும்தான் சேமிக்கப்படும், ஆட்களின் முகவரியாக விரிவது அனுப்பும் நேரத்தில்தான். தீர்வு ரொம்ப எளிது, டு வரியில் இருக்கும் பழைய பெயரை அழித்துவிட்டு, புதிய பெயரை அடித்துக் கீழே வரும் பரிந்துரையிலிருந்து தேர்ந்தெடுங்கள். முழுப் பெயரையும் கையால் அடித்துவிட்டு நகர்வதைவிடப் பரிந்துரையிலிருந்து எடுப்பது எப்போதும் பாதுகாப்பு. பெயர் சிவப்பாக மாறினால் இன்னும் அடையாளம் தெரியவில்லை என்று அர்த்தம்.

ஒருவரின் முகவரியை மாற்றிவிட்டேன், ஆனாலும் பழைய முகவரிக்கே போகிறது

இதுதான் நான் மிகவும் வருத்தப்பட்ட பிழை, அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன். எங்களோடு படித்த ஒருவர் வேலையிலிருந்து ஓய்வு பெற்றார். அலுவலக முகவரி இனி இருக்காது, இதுதான் புது முகவரி என்று எழுதியிருந்தார். நானும் அவருக்குப் பதில் போட்டேன், முகவரிப் புத்தகத்தில் அவர் பெயரைத் தேடினேன், புது முகவரியோடு அட்டை இருந்தது, சரி என்று விட்டுவிட்டேன். மூன்று மாதம் கழித்து எங்கள் பேராசிரியர் ஒருவர் காலமானார். பட்டியலுக்கு அஞ்சல் போனது. எல்லோரும் வந்தார்கள், அவர் வரவில்லை. அவருக்குத் தெரியவே இல்லை.

என்ன நடந்தது என்றால், நீங்கள் புதிதாக ஒரு முகவரிக்கு அஞ்சல் அனுப்பினால் தண்டர்பேர்ட் அதைத் தானாகவே ‘கலெக்டட் அட்ரசஸ்’ என்ற இன்னொரு புத்தகத்தில் அட்டையாகப் போட்டு வைக்கும். நான் பார்த்தது அந்த அட்டையை. பட்டியல் கோத்திருந்தது சங்கத்துப் புத்தகத்தில் இருந்த பழைய அட்டையை. ஒரே ஆளுக்கு இரண்டு அட்டை, எல்லாப் புத்தகங்களையும் சேர்த்துக் காட்டும் பார்வையில் தேடினால் எது எங்கே இருக்கிறது என்று சட்டென்று தெரியாது.

அதனால் முகவரியைத் திருத்தும்போது தேடல் பெட்டி வழியாகப் போகாதீர்கள். இடதுபக்கம் பட்டியலின் பெயரைச் சொடுக்கி, அதன் உள்ளே தெரியும் அட்டையைத் திறந்து அங்கேயே திருத்துங்கள். பட்டியல் பார்க்கும் அட்டை அதுதான், வேறு இருக்க வழியில்லை. இன்னொன்று, ஒரே அட்டையில் இரண்டு முகவரி இருந்தால் பட்டியல் முதன்மை முகவரிக்கு மட்டும்தான் அனுப்பும். புது முகவரியை இரண்டாவதாகச் சேர்த்துவிட்டுப் பழையதை முதன்மையாகவே விட்டுவைத்தால் ஒரு பயனும் இல்லை. அட்டையைத் திருத்தும் இடத்தில் ஒவ்வொரு முகவரிக்கும் பக்கத்தில் எது இயல்பானது என்று தேர்ந்தெடுக்கும் வட்டம் இருக்கும், அதைப் பாருங்கள்.

தானாகச் சேர்ப்பதே வேண்டாம் என்றால் முன்பு சொன்ன அட்ரஸிங் பகுதியிலேயே அதை நிறுத்தலாம். நான் நிறுத்திவிட்டேன்.

ஒருவரை நீக்கினேன், மற்ற பட்டியல்களிலிருந்தும் போய்விட்டார்

புத்தகத்தில் நின்றுகொண்டு டெலீட் அடித்திருப்பீர்கள். அட்டை போனால் அது கோத்திருந்த எல்லாப் பட்டியலிலும் போகும். ஒரு பட்டியலிலிருந்து மட்டும் எடுக்க, அந்தப் பட்டியலை இடதுபக்கம் தேர்ந்தெடுத்த பிறகு எடுங்கள், இந்தப் பட்டியலிலிருந்து எடுக்கட்டுமா என்று பட்டியலின் பெயரைச் சொல்லிக் கேட்கும். கேள்வியைப் படித்துவிட்டு சரி சொல்லுங்கள்.

ஒரே ஒரு தப்பு முகவரியால் யாருக்குமே போகவில்லை

அனுப்பும் சர்வர் பொறுத்து இது மாறும். சில சர்வர்கள் தண்டர்பேர்டிடமிருந்து ஒவ்வொரு பெறுநரையும் வாங்கும்போதே சரிபார்க்கும். ஒன்று இல்லை என்று சொல்லிவிட்டால் தண்டர்பேர்ட் முழு அஞ்சலையும் நிறுத்திவிட்டு, இந்தப் பெறுநரைச் சரிபார் என்று ஒரு முகவரியைக் காட்டும், கூடவே 550 அல்லது 5.1.1 என்ற எண் இருக்கும். அது நல்லதுதான், எது தப்பு என்று கையில் கொடுத்துவிட்டது. வேறு சில சர்வர்கள் எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டு, பிறகு திரும்பி வந்தது என்று தனி அஞ்சல் அனுப்பும். எப்படியோ, அந்த முகவரியில் கடைசியில் ஒரு புள்ளியோ, நடுவில் ஒரு இடைவெளியோ, ‘ஜிமெயில்’ என்பதில் ஒரு எழுத்து விட்டுப்போனதோ இருக்கும். அட்டையில் திருத்துங்கள். அனுப்பும் பெட்டியில் மட்டும் திருத்தினால் அடுத்த மாதம் மறுபடி இதே இடத்தில் நிற்பீர்கள்.

அனுப்பும் முன் எல்லோரையும் ஒரு தடவை கண்ணால் பார்க்க வேண்டும் என்றால், டு வரியில் உள்ள பட்டியலின் பெயர் மேல் ரைட் கிளிக் செய்து ‘எக்ஸ்பாண்ட் லிஸ்ட்’ கொடுங்கள். பெயர் மறைந்து ஒவ்வொருவரின் முகவரியும் வரிசையாக விரியும். முக்கியமான அறிவிப்பு என்றால் நான் இதைச் செய்யாமல் அனுப்புவதில்லை.

எல்லோருடைய முகவரியும் எல்லோருக்கும் தெரிந்துவிட்டது

பட்டியலின் பெயர் மட்டும்தான் போகும் என்று பலர் நம்பிக்கொண்டிருக்கிறார்கள். உங்கள் திரையில் ‘பழைய மாணவர்கள்’ என்று ஒரே பெயராக நிற்பது உண்மை, ஆனால் அஞ்சல் கிளம்பும்போது அது 137 முகவரியாக விரிந்து டு வரியில் போய் நிற்கும். வாங்குகிற ஒவ்வொருவரும் மற்ற 136 பேரின் பெயரையும் முகவரியையும் பார்ப்பார். அதில் ஒருவர் ‘எல்லோருக்கும் பதில்’ அழுத்தி, வர முடியாது என்று எழுதுவார். அதற்கு இன்னொருவர் நலம் விசாரிப்பார். அன்று மாலைக்குள் நாற்பது அஞ்சல். அதைவிட முக்கியம், அந்த 137 பேரில் யாரோ ஒருவரின் கணினியில் வைரஸ் புகுந்தால் மற்றவர்களின் முகவரியும் சேர்த்துத்தான் போகும். தன் முகவரி இன்னாருக்குத் தெரியக் கூடாது என்று காரணத்தோடு ஒதுங்கி இருப்பவர்களும் நம் பட்டியலில் இருப்பார்கள், அதை நாம் கேட்டுத் தெரிந்துகொள்ள முடியாது. நம்மிடம் கொடுத்த முகவரியை நாம்தான் காப்பாற்ற வேண்டும்.

எனவே பட்டியலை எப்போதும் பிசிசி (Bcc) வரியில் போடுங்கள், அதில் இருப்பவர்களின் முகவரி மற்றவர்களுக்குத் தெரியாது. எழுதும் சாளரத்தில் மேலே வலப்பக்கம் பிசிசி என்று இருக்கும், அழுத்தினால் வரி திறக்கும். ஏற்கெனவே டு வரியில் போட்டுவிட்டீர்களா, பெயர் மேல் ரைட் கிளிக் செய்து பிசிசிக்கு நகர்த்தலாம். டு வரியில் உங்கள் சொந்த முகவரியையோ சங்கத்தின் முகவரியையோ போடுங்கள், அதைக் காலியாக விட்டாலும் போகும், ஆனால் வாங்குகிறவருக்குப் பெறுநர் மறைக்கப்பட்டிருப்பதாகத் தெரியும், பார்க்க நன்றாக இருக்காது. டு வரியில் ஆட்கள் அதிகமானால் புதிய பதிப்புகளில் கீழே ஒரு எச்சரிக்கைப் பட்டை வரும், அதிலேயே பிசிசிக்கு மாற்றும் பட்டனும் உண்டு. வந்தால் நல்லது, அதையே நம்பி இருக்க வேண்டாம்.

நிர்வாகக்குழு மாதிரி ஒன்பது பத்துப் பேர், ஒருவரை ஒருவர் தெரிந்தவர்கள், பேசி முடிவெடுக்க வேண்டியவர்கள் என்றால் டு வரியில் போடுவதுதான் சரி. அங்கே பிசிசி போட்டால் யாரோடு பேசுகிறோம் என்றே தெரியாமல் போகும்.

சின்னப் பட்டியலுக்குப் போகிறது, பெரியதற்குப் போகவில்லை

அளவு தாண்டியிருக்கும். இலவச ஜிமெயில் கணக்கில் ஒரு அஞ்சலுக்கு 500 பெறுநர், ஒரு நாளைக்கு 500 அஞ்சல் என்பது எல்லை. தாண்டினால் பூட்டிவிடும், 24 மணி நேரத்துக்குள் தானாகத் திறக்கும். நிறுவனங்களுக்கான கூகுள் வொர்க்ஸ்பேஸில் தண்டர்பேர்ட் மாதிரி வெளி நிரலிலிருந்து அனுப்பினால் ஒரே அஞ்சலுக்கு 100 பேர்தான். 100 என்ற எண் சும்மா வரவில்லை, எந்த அஞ்சல் சர்வரும் ஒரே அஞ்சலுக்குக் குறைந்தது 100 பெறுநரையாவது வாங்கிக்கொள்ள வேண்டும் என்று அஞ்சல் அனுப்பும் முறையான எஸ்எம்டிபியின் விதியே சொல்கிறது. பல சர்வர்கள் அதை ஒட்டித்தான் நிற்கும், மலிவான ஹோஸ்டிங் கணக்குகளில் ஒரு மணி நேரத்துக்கு இத்தனைதான் என்று தனியாக ஒரு கட்டுப்பாடும் இருக்கலாம். 452 என்ற எண்ணோடு பெறுநர் அதிகம் என்று செய்தி வந்தால் இதுதான் காரணம்.

பட்டியலை இரண்டாக உடையுங்கள். நான் படித்த ஆண்டுப்படி உடைத்தேன், முன்னவர்கள் 70 பேர், பின்னவர்கள் 67 பேர். அகர வரிசையில் உடைத்தால் புதிய ஆள் சேரும்போது எதில் போடுவது என்ற யோசனை வரும், ஆண்டு என்றால் வராது. முந்நூறு நானூறு பேரைத் தாண்டிப் போனால் முகவரிப் புத்தகப் பட்டியலோடு போராட வேண்டாம், கூகுள் குரூப்ஸ் மாதிரியோ மெயில்மேன் மாதிரியோ சர்வரிலேயே இருக்கும் அஞ்சல் குழுவுக்குப் போய்விடுங்கள்.

எக்செலிலிருந்து ஏற்றினால் தமிழ்ப் பெயர் எல்லாம் கேள்விக்குறியாக வருகிறது

எக்செலில் சாதாரண சிஎஸ்வி (CSV) என்று சேமித்திருப்பீர்கள். அந்த வடிவத்தில் தமிழுக்கு இடமே இல்லை, ஒவ்வொரு எழுத்தும் கேள்விக்குறியாகி அப்படியே கோப்பில் பதிந்துவிடும். அந்தக் கோப்பிலிருந்து இனி எதையும் மீட்க முடியாது, மூல எக்செல் கோப்பைத் திறந்து ‘சிஎஸ்வி யுடிஎஃப்-8’ என்ற வகையைத் தேர்ந்தெடுத்து மறுபடி சேமியுங்கள். ஏற்றும்போது எந்தப் பத்தி பெயர், எந்தப் பத்தி முகவரி என்று கேட்கும், பொறுமையாகப் பொருத்துங்கள். இப்படி ஏற்றினால் அட்டைகள்தான் வரும், பட்டியல் வராது. பட்டியலைப் புதிதாகப் போட்டு, எல்லா அட்டைகளையும் தேர்ந்தெடுத்து அதற்குள் இழுத்து விட வேண்டும்.

கைபேசியில் பட்டியலைக் காணவில்லை

இருக்காது. ஆண்ட்ராய்டுக்கான தண்டர்பேர்ட் 2024 அக்டோபரில் வந்தது, அது கே-9 மெயில் என்ற அஞ்சல் செயலியிலிருந்து வளர்ந்தது, கைபேசியின் தொடர்புகளைத்தான் பயன்படுத்தும். கணினியில் போட்ட பட்டியல் அந்தக் கணினியில்தான். வெளியூரில் இருக்கும்போதும் அனுப்ப வேண்டியவர்கள் கூகுள் தொடர்புகளில் அதே ஆட்களுக்கு ஒரு லேபிள் போட்டு வையுங்கள், பிரவுசரில் ஜிமெயிலைத் திறந்து லேபிளின் பெயரை அடித்தால் ஆட்கள் வருவார்கள். இரண்டு இடத்திலும் திருத்த வேண்டியிருக்கும் என்பதை மட்டும் மறக்க வேண்டாம்.

புதுக் கணினிக்கு மாறினேன், அட்டைகள் வந்தன, பட்டியல்கள் வரவில்லை

சிஎஸ்வியாகவோ விகார்டாகவோ ஏற்றுமதி செய்திருப்பீர்கள். அந்த இரண்டிலும் பட்டியல் போகாது. எல்டிஐஎஃப் (LDIF) வகையில் ஏற்றுமதி செய்தால் பட்டியலும் கூடவே போகும். பழைய கணினி இன்னும் ஓடுகிறது என்றால் இப்போதே போய் மறுபடி எடுங்கள். அந்தக் கோப்பை நோட்பேடில் திறந்து பார்த்தால் தமிழ்ப் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் இரட்டை முக்காற்புள்ளியும் அதன் பின்னால் அர்த்தமில்லாத எழுத்துகளும் இருக்கும், கெட்டுவிட்டது என்று தூக்கிப் போட்டுவிடாதீர்கள், எல்டிஐஎஃப் முறையில் தமிழ் அப்படித்தான் எழுதப்படும், ஏற்றியவுடன் சரியாக வந்துவிடும்.

தண்டர்பேர்டே திறக்கவில்லை, ஆனால் பழைய வட்டு கையில் இருக்கிறது என்றால், தண்டர்பேர்ட் தன் தகவல்களை வைத்திருக்கும் சுயவிவரக் கோப்புறையைத் தேடுங்கள். பெர்சனல் அட்ரஸ் புக் அதில் ‘ஏபுக்’ (abook) என்ற பெயரிலும், தானாகச் சேர்ந்தவை ‘ஹிஸ்டரி’ (history) என்ற பெயரிலும், எஸ்க்யூலைட் கோப்புகளாக இருக்கும், நீங்களாகத் திறந்த புத்தகங்கள் ‘ஏபுக்’ என்பதோடு ஒரு எண் சேர்ந்து இருக்கும். புதுக் கணினியில் அந்தக் கோப்புறையைப் பிடிக்க, உதவி மெனுவில் ட்ரபிள்ஷூட்டிங் தகவல் பக்கத்தைத் திறந்தால் அங்கே கோப்புறையைத் திறக்கும் பட்டன் இருக்கிறது. தண்டர்பேர்டை முழுக்க மூடிய பிறகே கோப்பை வையுங்கள். புதுக் கணினியில் ஏற்கெனவே அட்டைகள் சேர்த்திருந்தால் அந்தக் கோப்பை வேறு பெயரில் எடுத்து வைத்துவிட்டு மாற்றுங்கள், இல்லையென்றால் புதியவை போய்விடும்.

நான் ஒவ்வொரு ஆண்டுக் கூட்டத்துக்கும் முந்தின நாள் ஒரு எல்டிஐஎஃப் எடுத்து, கோப்பின் பெயரில் தேதியைப் போட்டு, சங்கத்துச் செயலாளரிடம் பென்டிரைவில் கொடுத்துவிடுகிறேன்.